ஒரே உருளி, இருபது கை

“ஏங்கண்ணு, அத்தனை பேருக்கும் ஒரே வண்டின்னா அப்புறம் பந்தயம் எதுக்கு?”

செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வேலியோரம் நின்றுகொண்டு அம்மா கேட்டார். எங்கள் வீடு பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளத்தில். கோவைக்குத் தெற்கே இருக்கும் அந்தப் பந்தயத் தடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோயில் விசேஷம், சீர், கல்யாணம் என்று முந்நூறு பேருக்கும் ஐந்நூறு பேருக்கும் சமைக்கும் தேகண்ட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அம்மா. எங்கள் முன்னால் சீறிக்கொண்டு போனவை எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகள். ஒருவர் மட்டும் உட்காரும் குழி, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் நாலு சக்கரம், முதுகுக்குப் பின்னால் மாருதி ஸ்விஃப்ட்டின் 1300 சிசி எஞ்சின். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெயிண்டும் நம்பரும்தான் வேறு.

“தேகண்டத்துக்கு நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரே மாதிரி உருளி, ஒரே அரிசி, ஒரே விறகு கொடுத்துப் பாயசம் வைக்கச் சொன்னா, நாலும் ஒண்ணாவா இருக்கும்மா?”

“அதெப்படி இருக்கும்? கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கில்ல?”

அந்தக் கைப்பக்குவத்தை அளப்பதற்குத்தான் இளையோர் ஒற்றை இருக்கைப் பந்தயம் என்ற ஏற்பாடே இருக்கிறது. டிவியில் பார்க்கும் ஃபார்முலா 1 வேறு கதை. அங்கே ஒவ்வொரு அணியும் தன் வண்டியைத் தானே வடிவமைக்கிறது. அடுப்பு, பாத்திரம், மசாலா எல்லாம் அவரவர் சொந்தச் சரக்கு. நல்ல சமையல்காரர் மட்டமான அடுப்பில் மாட்டிக்கொண்டால் அவர் திறமை வெளியே தெரியாமலே போகும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை அப்படி எடைபோட முடியாது. அதனால் அடுப்பையும் உருளியையும் பொதுவாக்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்கு முத்திரை வைக்கிறார்கள். பிரித்துக் கை வைத்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். பந்தயத்துக்கு முன்பும் பின்பும் ஸ்க்ரூட்டினி என்ற சோதனை உண்டு. வண்டியை எடை போடுகிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். ஓட்டுநர் ஒல்லியாக இருந்தால் குறைந்தபட்ச எடைக்கு ஈடாக வண்டியில் ஈயக்கட்டி ஏற்றுகிறார்கள். மிச்சம் இருப்பது ஓட்டுகிறவரின் கையும் காலும் காதும்தான்.

கைப்பக்குவத்துக்கு எங்கள் பக்கத்தில் ஓர் அத்தாட்சி உண்டு. பாலக்காட்டை ஒட்டிய ராமசேரியில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் இட்லி சுடுகின்றன. மண்பானையின் வாயில் வலை கட்டி, துணி விரித்து, விறகுத் தீயில் ஆவி பிடிக்க வைத்தால் தட்டையாக, மெத்தென்று வரும். அரிசியும் உளுந்தும் எந்தக் கடையிலும் கிடைப்பவைதான். ஆனாலும் ராமசேரி இட்லிக்காக ஊர்விட்டு ஊர் வருகிறார்கள்.

பந்தயத் தடத்தின் வாசலில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து அம்மா, “கரின்னா அடுப்புக்கரியா?” என்றார். ஆளின் பெயர் அது. எஸ். கரிவர்தன், கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பந்தயம் ஓட்டியவர், அதைவிட முக்கியமாகப் பந்தய வண்டி கட்டியவர். அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடக்கும். அதற்கான வண்டி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் பெரும் பணம் இருக்கவேண்டும். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து ஓர் ஒற்றை இருக்கை வண்டிக்குள் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அந்த எஞ்சினுக்கு எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ரேஷன் அரிசியில் விருந்து வைக்கத் தெரிந்தவர் என்று நான் அவரை அம்மாவுக்கு அறிமுகப்படுத்தினேன். இந்தியாவில் சாதாரண வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒற்றை இருக்கை வண்டியில் உட்கார்ந்ததற்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003இல் திறந்த இந்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்று ஓடும் எஃப்4 வண்டிகளுக்குப் பெயர் கொடுத்த எல்ஜிபியும் கோவைக் கம்பெனிதான், பைக் செயின் செய்வது.

இனி வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு சுற்றுப் போட்டி என்பது வார இறுதி வேலை. முதலில் பயிற்சி ஓட்டம், பிறகு தகுதி ஓட்டம், பிறகு பந்தயங்கள். பயிற்சியில் நடப்பது முழுக்கத் தோசைக்கல் விவகாரம். பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் சாலையைப் பிடிக்கும். ஆறின கல்லில் ஊற்றிய தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கிழிகிற மாதிரி, ஆறின டயரில் வேகமாகத் திரும்பினால் வண்டி சறுக்கிக்கொண்டு வெளியே போகும். அளவுக்கு மீறிச் சூடேறினாலும் தொல்லை, ரப்பர் இளகி வழுக்கும். பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய சுற்றில் வண்டிகள் இடமும் வலமுமாக நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கைக்காக அல்ல, கல்லைக் காயவைக்கிறார்கள்.

அந்த டயருக்குள் எவ்வளவு காற்று அடைப்பது என்பதில்தான் அனுபவசாலி மெக்கானிக் தெரிவார். காற்று சூடானால் விரியும், டயருக்குள் அழுத்தம் ஏறும். ஓடி முடிக்கும்போது சரியான அழுத்தம் இருக்கவேண்டுமென்றால், கிளம்பும்போது குறைத்து அடைக்கவேண்டும். வற்றப்போகும் குழம்புக்கு யாராவது முதலிலேயே உப்பை முழுசாகப் போடுவார்களா? மேகமூட்டமாக இருந்தால் குழம்பு குறைவாகத்தான் வற்றும், கொஞ்சம் கூட்டிப் போடலாம். மதிய வெயிலில் தார் கொதிக்கும்போது கையைச் சுருக்கிக்கொள்ளவேண்டும். வண்டி உள்ளே வந்து நின்றதும் மெக்கானிக் முதலில் அழுத்தமானியை எடுத்துக்கொண்டு டயரிடம் ஓடுவது அதற்காகத்தான். ஆறிவிட்டால் அந்தக் கணக்கு கிடைக்காது. இதைச் சொன்னதும் அம்மா தலையாட்டிய விதத்தில், இந்த மெக்கானிக்கைத் தன் ஆள் என்று முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

அடுத்தது எடை. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரைக் கவனியுங்கள். சடாரென்று நின்றால் சாம்பார் முன்பக்கம் மோதும். சட்டென்று திரும்பினால் பக்கவாட்டில் தளும்பும். வண்டியின் எடையும் இப்படித்தான். பிரேக் மிதித்தால் முன் டயர்கள் மேல் எடை ஏறி அவை நன்றாகப் பிடிக்கும், பின் டயர்கள் லேசாகிவிடும். முடுக்கினால் எடை பின்னால் போகும். எடை முன்னால் இருக்கும்போதே ஸ்டியரிங்கை முறுக்கினால் பின்பக்கம் கழன்று சுற்றிவிடும். அதனால் தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலைப் படக்கென்று எடுப்பதில்லை. கஞ்சி வடிக்கும்போது பானையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறோமோ, அப்படிக் காலைத் தளர்த்திக்கொண்டே ஸ்டியரிங்கைச் சேர்க்கிறார். அவசரப்பட்டால் சோறு தரையில்.

டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு குறிப்பிட்ட அளவுதான். ஒரே தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குச் சமையலறையில் ஒரு குழாய், பின்கட்டில் ஒரு குழாய் என்றால், இரண்டையும் முழுசாகத் திறந்தால் இரண்டிலும் நூல்போலத்தான் வரும். டயரில் பிரேக் ஒரு குழாய், திருப்புவது இன்னொரு குழாய். பிரேக்கை மூட மூடத்தான் திருப்புவதற்குத் தண்ணீர் கிடைக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கை உடம்பு இன்னும் கற்காததால் வருபவை. மூளைக்கு ஒரே நாளில் புரிந்துவிடும், காலுக்குப் புரிய ஒரு சீசன் ஆகும்.

எங்கள் சித்தப்பா ஒருவர் கம்பத்திலிருந்து குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். விடிவதற்குள் தோட்டத்தில் இருக்கவேண்டும், மாலையில் அதே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவேண்டும். பந்தயத் தடத்தை அவர் பார்த்ததேயில்லை. ஆனால் எனக்கு ஜீப் பழக்கும்போது அவர் சொன்னதையே பந்தயப் பள்ளிகளிலும் முதல் நாள் சொல்லித் தருகிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடி, கியரை இறக்கு. வெளிப்பக்கமிருந்து நுழை, உள்பக்கத்தைத் தொடு, மறுபடி வெளிப்பக்கம் போக விடு. நுழையும்போது பொறுத்தவனுக்குத்தான் வெளியேறும்போது வேகம் கிடைக்கும். வளைவின் முடிவில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் அடுத்த நேர்த்தடம் முழுக்கக் கூடவே வரும். அந்த ஜீப்பில் சித்தப்பாவுக்குப் பின்னால் நெருக்கியடித்து ஆட்கள் இருந்தார்கள். அவர் காத்தது நொடியை அல்ல, உயிரை. இருந்தும் இயற்பியல் ஒன்றுதான்.

முந்துவது எப்படி? முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டால் எதிர்க்காற்று குறையும், அதே எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும். கூட்டமான பந்தியில் பெரிய அண்டாவோடு ஒருவர் வழிவிலக்கிக்கொண்டு போக, அவர் பின்னாலேயே பாயச வாளியோடு நழுவிப் போகிற பையன்தான் உதாரணம். ஆனால் ரொம்ப நேரம் பின்னாலேயே நின்றால், முன்னால் நிற்பவரின் அடுப்புப் புகை நம் கண்ணில் அடிக்கும். வண்டிக்கும் அப்படித்தான், வெப்பக்காற்று ரேடியேட்டரில் புகுந்து எஞ்சின் சூடேறும். நேரம் பார்த்து வெளியே வந்துவிடவேண்டும்.

இங்கே எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாமல் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் திணறும்போது, இந்த வாசல் வழியாக ஒரு பங்கு நேராகக் கோவைப் பக்கம் பாய்ந்துவிடுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலந்தாவளத்தில் கொடியில் துணி நிற்காது, அடுப்புத் தீ ஒரு பக்கமாகவே சாயும், அம்மா தகரம் வைத்து மறைப்பார். அதே காற்று செட்டிபாளையத்தில் பந்தய வண்டியின் மூக்கிலும் வந்து மோதுகிறது. எதிர்க்காற்று அடிக்கும் நேர்த்தடத்தில் வண்டி கொஞ்சம் தயங்கும், பிரேக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கலாம். பின்காற்று தள்ளும் பக்கத்தில் முன்கூட்டியே பிடிக்காவிட்டால் வளைவைத் தாண்டி மண்ணில் போய் நிற்கவேண்டியதுதான். பிரேக் பிடிக்கக் காலையில் படித்த அடையாளம் மதியம் செல்லாது. சீசன் முடியும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அப்போது வரிப்பள்ளம் உள்ள மழை டயர் மாட்டுவார்கள், பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளும். ஈரத்தில் எல்லாக் கணக்கும் தலைகீழ். வெயிலில் முதலாவதாக வந்தவர் மழையில் ஏழாவதாக வருவதும் அதனால்தான்.

கொடிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் காட்டினால் வேகமானவர் பின்னால் வருகிறார், வழிவிடவேண்டும். சிவப்பு என்றால் ஓட்டத்தையே நிறுத்துகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிவுக்கொடி. வெயிலில் அவற்றைப் பிடித்து நிற்கும் மார்ஷல்கள் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓடாது.

இப்போது சீசன். ஒரு பந்தயத்தை ஜெயிப்பதும் ஒரு சீசனை ஜெயிப்பதும் ஒன்றல்ல. ஃபார்முலா 1 முதல் எஃப்4 வரை பரவலாக உள்ள கணக்குப்படி முதல் இடத்துக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 18, மூன்றாவதுக்கு 15, பிறகு 12, 10, 8, 6, 4, 2, 1. ஆறு பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்கில் முதலாவதாக வந்து, இரண்டில் மோதி வெளியேறினால் 100 புள்ளி. இன்னொருவர் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை, ஆறிலும் இரண்டாவது. அவருக்கு 108. பட்டம் அவருக்குத்தான். நாலு விசேஷத்தில் ஊர் மெச்சச் சமைத்து, இரண்டில் சோற்றை அடிப்பிடிக்க விட்டவரை யாரும் ஏழாவது விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லையே.

பல எஃப்4 தொடர்களில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பந்தயத்துக்கு முன்வரிசையைத் தலைகீழாக்கி, வேகமானவர்களைப் பின்னால் நிறுத்துவார்கள். நல்ல சமையல்காரரை ஈர விறகு அடுப்பில் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் இது. முன்னாலிருந்தே ஓடிப் பழகியவருக்கு முந்தத் தெரியுமா என்பது அப்போது வெளிச்சமாகிவிடும்.

சுற்றுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பதினைந்து சுற்றில் ஒன்றரை நொடி. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 40 மீட்டர், பத்து வண்டிகள் வரிசையாக நிற்கும் தூரம். அதனால்தான் இந்த வயதில் பிள்ளைகள் கற்பது வேகத்தைவிட, செய்ததையே திருப்பிச் செய்வதை. அம்மா இதை என்னிடமிருந்து கற்கவில்லை, தானே கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த மஞ்ச வண்டி ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் சத்தத்தைக் குறைக்குது, மத்ததெல்லாம் முன்ன பின்ன பண்ணுது” என்றார். கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்தே எண்ணெயின் சூட்டைச் சொல்கிற காது. மஞ்சள் வண்டி அப்போது ஐந்தாவது இடத்தில் இருந்தது, கடைசியில் மூன்றாவதாக முடித்தது.

இந்தச் சமையல்கட்டுக்குள் நுழைய வரிசை உண்டு. முதலில் கார்ட்டிங், காய் நறுக்கும் இடம். சாதாரண கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையைவிட்டு எழுந்தால்தான் அது ஒழுங்காகத் திரும்பும். எடையை எங்கே அனுப்புவது என்பதைக் குழந்தையின் உடம்புக்கு அதைவிட நன்றாகக் கற்பிக்கும் கருவி இல்லை. பிறகு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயிடம் போட்டி லைசென்ஸ். பிறகு புதியவர்களுக்கான பந்தயம், எல்ஜிபி எஃப்4. அதற்கு மேலே உலக அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி நடக்கும் எஃப்4, குறைந்தபட்ச வயது 15. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் ஓடியது அந்தத் தொடர்தான். கொச்சியின் பெயரில்கூட அதில் ஓர் அணி உண்டு. ஃபார்முலா 1 ஓட்ட மூன்று சீசனுக்குள் 40 லைசென்ஸ் புள்ளி வேண்டும். முழுத் தகுதியுள்ள ஓர் எஃப்4 பட்டத்துக்குக் கிடைப்பது 12. மேலே எஃப்3, எஃப்2 என்று இன்னும் அடுப்புகள் இருக்கின்றன.

அந்த வழியெல்லாம் நடந்து போனவர் கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூரில் கரிவர்தனின் ஃபார்முலா மாருதியில் தொடங்கினார். 1992இல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி, அடுத்து இங்கிலாந்து, 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருடம் ஜூன் 19, இண்டியானாபொலிஸில் அவர் நான்காவது இடம் பிடித்து 5 புள்ளி எடுத்ததும் டயர்க் கதைதான். மிஷெலின் டயர் போட்ட 14 வண்டிகள், சாய்வான கடைசி வளைவில் டயர் தாங்காது என்று தெரிந்து, அணிவகுப்புச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும் ஓடின. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். ஆறில் கடைசி ஜோடியாக வராமல் நான்காவதாக வந்தது யாருடைய கை?

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. கரிவர்தன் ரேஷன் அரிசியில் சமைத்துக் காட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் ஒரு முழு சீசனுக்கு வண்டி வாடகை, டயர், மோதினால் ரிப்பேர் என்று ஆகும் செலவு, கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பில் வேலை செய்கிற வீட்டுக்கோ மூணாறு எஸ்டேட் லயத்துக்கோ எட்டாது. ஸ்பான்சர் தேடுவதும் ஒரு திறமை என்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதையும் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தேகண்டத்தில் கரண்டி பிடிப்பவர் ஒருவர்தான். தேங்காய் துருவுகிறவர், தீ தள்ளுகிறவர், உப்புப் பார்க்கிறவர் எத்தனை பேர்! இங்கேயும் மெக்கானிக், மார்ஷல், எடை போடுகிறவர், நேரம் குறிக்கிறவர் என்று அத்தனை பேர் வேண்டும். அந்த வாசல்கள் இருப்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

அன்று எங்களோடு பக்கத்து வீட்டுப் பையனும் வந்திருந்தான். மாமன் ஒர்க்‌ஷாப்பில் பைக் பஞ்சர் ஒட்டுகிறவன். திரும்பும்போது வண்டியில் ரொம்ப நேரம் பேசவில்லை. மதுக்கரை தாண்டிய பிறகு, “அண்ணா, உள்ள வந்ததும் ஓடிப்போய்க் காத்து பாக்கறாரே, அந்த வேலைக்கு யாரைப் போய்க் கேக்கணும்?” என்றான். அடுத்த சுற்றுக்குப் பந்தய நாளன்று போகாமல், பயிற்சி நடக்கும் வெள்ளிக்கிழமையே அவனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருகிறாராம்.